கடன் வழக்கில் தோற்றபின்



புரோநோட்டு வழக்கில் தோற்றவர்கள் வக்கீலிடம் வந்ததும் கேட்பது, "அப்பீல் போட்டால் ஜெயிக்குமா?" வக்கீல் திருப்பிக் கேட்பது, "தீர்ப்பு என்றைக்கு வந்தது?"

முன்சீப் கோர்ட் தீர்ப்பின்மேல் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் கெடு. உயர் நீதிமன்றத்துக்குப் போகிற வழக்கென்றால் 90 நாள். சான்றிட்ட நகல் தயாராக ஆகும் நாள்களைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நகல் மனுவே போடாமல் வீட்டில் இருந்த நாள்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. மனு கொடுத்த தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் நகலிலேயே முத்திரையாக இருக்கும். குமாஸ்தா தாளைப் புரட்டி முதலில் பார்ப்பது அதைத்தான்.

வாய்தாவுக்குப் போகாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டதா? அதே கோர்ட்டில், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் கட்டளை 13-ஆம் விதிப்படி, ரத்து செய்யக் கேட்கலாம். அதற்கும் 30 நாள். சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்றால் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. கெடு தாண்டினால், தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போட வழியுண்டு. ஆனால் "உடம்பு சரியில்லை" என்ற ஒற்றை வரியை நீதிபதிகள் நிறையவே படித்திருக்கிறார்கள்.

அப்பீல் போட்டாயிற்று, இனி ஜப்திக்கு அமீனா வரமாட்டார் என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. வருவார். தடையாணையைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பணம் கட்டச் சொல்லலாம், அல்லது ஜாமீன் கேட்கலாம். தீர்ப்பை நிறைவேற்றக் கோர வாதிக்கு 12 ஆண்டு இருக்கிறது. ஜப்தியே வந்தாலும் சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் கருவி, தாலி இவற்றில் கைவைக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு விடாது.

அப்பீலில் ஜெயிக்க, "வெற்றுத்தாளில்தான் கையெழுத்துப் போட்டேன்" என்பது மட்டும் போதாது. கையெழுத்தை ஒப்புக்கொண்டால், பணம் கைமாறியது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுவது உங்கள் பொறுப்பு. திருப்பிக் கொடுத்த ரசீது, வங்கிக் கணக்கு, மூன்றாண்டு காலவரையறை தாண்டிப் போட்ட வழக்கு என்கிற விவரம், இவைதான் எடுபடும். முதல் அப்பீலில் சாட்சியத்தையும் மறுபடி எடைபோடுவார்கள். ஆனால் கீழ்க்கோர்ட்டில் காட்டாத ரசீதை அங்கே லேசில் ஏற்கமாட்டார்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று கெடுவைக் கோட்டைவிடாதீர்கள். பெண்கள், பட்டியலினத்தார், மாற்றுத்திறனாளிகள் வருமானம் எதுவானாலும் இலவச சட்ட உதவி பெறலாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். தொலைபேசி எண் 15100.