பட்டியல் ஒட்டுவதற்கு முன்



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும்படி அழைப்பு வந்தபோது, வேறு யாருக்கோ அனுப்பியது எனக்கு வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். நான் உளவியல் படித்தவன் அல்லன். பொருளியல் பாடம் நடத்தியவன். இடையில் சில காலம் தேர்வுப் பிரிவையும் பார்த்துக்கொண்டவன். ஆலோசனை அறைக்குள் என்ன நடக்கும் என்பது இங்கே அமர்ந்திருக்கும் பலருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். ஆகவே அந்த அறைக்குள் நான் நுழையப் போவதில்லை. வாசலிலேயே நின்று பேசுகிறேன். அமைப்பாளர்கள் பொறுத்தருள வேண்டும்.

கருத்தரங்கத் தலைப்பு, 'கல்லூரி மாணவர் வழிகாட்டுதலும் ஆதரவுப் பணிகளும்'. இதன் வரலாற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் மாணவருக்கு ஓர் ஆலோசகராவது வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு 1966இல் எழுதியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறோ அதற்கு மேலோ மாணவர் படிக்கும் எந்தக் கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்றது. இடைப்பட்ட காலத்தில் குழுக்களும் சுற்றறிக்கைகளும் வந்தன. நம் மாநிலத்தில் 2022இல் 'நான் முதல்வன்', 'புதுமைப் பெண்' திட்டங்கள் வந்தன, 2024இல் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. 14416 என்ற மனநல உதவி எண்ணும் 2022இல் வந்ததுதான். நாக் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் முந்தின இரவு, மாணவர் சந்திப்புகளைப் பதியும் மூன்றாண்டு டியூட்டர்-வார்டு நோட்டுகளை ஒரே பேனாவால் எழுதி முடிக்கும் கலையும் நம்மிடம் வளர்ந்திருக்கிறது. இவற்றையெல்லாம் இரண்டாம் அமர்வினர் முறையாக ஆராய்வார்கள்.

எனக்குக் கிடைத்த நேரத்தை, இத்துறையில் யாரும் சீந்தாத ஓர் ஆவணத்துக்குச் செலவிட விரும்புகிறேன். வருகைப் பதிவேட்டைச் சொல்கிறேன்.

விதி எல்லோருக்கும் தெரியும். நம் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் 75 சதவீதம் வருகை இருந்தால் தேர்வு எழுதலாம். 65க்கும் 75க்கும் நடுவில் என்றால், வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டி எழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வு கிடையாது. இந்தக் கணக்கைக் கல்லூரி எப்போது போடுகிறது? ஹால் டிக்கெட் கொடுப்பதற்குச் சில நாள் முன்பு. அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டப்படும். தகப்பனையோ தாயையோ கூட்டிக்கொண்டு மாணவன் துறைத்தலைவர் அறை வாசலில் வந்து நிற்பான். நாமும் அப்போதுதான் அவனுக்கு 'வழிகாட்டுவோம்'.

ஒரு துறையின் பதிவேட்டையும் தினசரி நாள்காட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒருநாள் பார்த்தேன். சில பெயர்களுக்கு நேரே விடுப்பு விழுந்த நாள்களில் பெரும்பாலானவை முகூர்த்த நாள்கள், அல்லது அவற்றுக்கு மறுநாள்கள். ஆவணியில் வரிசையாக 'ஆப்சென்ட்'. புரட்டாசி பிறந்ததும் அதே பையன்கள் ஒழுங்காக வந்திருக்கிறார்கள். ஐப்பசியில் மறுபடி காணோம். காரணம் எளிது. கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் சர்வீஸ்: முந்தின நாள் மாலை வரவேற்பு விருந்துக்கு இலை போடத் தொடங்கினால், மறுநாள் மதியப் பந்தி முடித்துப் பாத்திரம் ஏற்றிவிட்ட பிறகுதான் கையில் கூலி. மார்கழியில் கல்லூரிக்குத் தவறாமல் வருபவனுக்குத் தையில் படிப்பில் ஆர்வம் போய்விட்டது என்று எந்த ஆர்வ அளவுகோல் சொல்லும்?

இன்னொரு வகை விடுப்பும் கண்ணில் பட்டது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் வாரங்களில் முற்பகல் மட்டும் காணாமல் போகிறவர்கள். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைகிறவர்கள் இவர்கள். ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைந்ததோ அந்தக் கணக்குக்குத்தான் பணம் போய்ச் சேரும் என்பது பல மாணவிகளுக்குத் தெரிவதில்லை. பள்ளியில் படித்தபோது தொடங்கிய கணக்கு, கல்லூரியில் தொடங்கியது, அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு. பணம் எதில் விழுந்தது என்று பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு மூன்று வங்கிக்கு நடப்பார்கள். இந்தச் சிக்கலைத் தீர்க்கத் தெரிந்தவர் கல்லூரியில் ஒருவர் இருப்பார். உதவித்தொகைப் பிரிவின் இளநிலை உதவியாளர். நம் ஆய்வுக் கட்டுரைகளில் அவருக்கு இடமே கிடையாது.

இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதி மதிப்புக்குரிய ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். 'இது எழுத்தர் பணி பற்றியது, வழிகாட்டுதல் பற்றியதன்று' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. அந்த வரியை எழுதியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் இந்த அவையிலும் இருக்கக்கூடும். இருந்தால் தேநீர் இடைவேளையில் பேசலாம். எழுத்தர் பணியைக் கழித்துவிட்டு வழிகாட்டுதல் என்று எதை மிச்சம் வைத்திருக்கிறார் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டை ஆலோசகர் கையில் கொடுத்தால் அவரும் காவல்காரர் ஆகிவிடுவார், பிறகு எந்த மாணவன் அவரிடம் மனம் திறப்பான் என்று கேட்கிறார்கள். நியாயமான அச்சம்தான். அறைக்குள் பேசியது அறையைத் தாண்டக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் கண்காணிப்பு ஏற்கெனவே நடக்கிறது, ஐயா. இன்று பல கல்லூரிகளில் முதல் மணி வகுப்புக்கு வராதவரின் அப்பா கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி பறக்கிறது. சில வீடுகளில் அப்படி மூன்று செய்தி போனால் போதும், 'படித்தது போதும்' என்று பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அவள் வங்கி வரிசையில் நின்றிருந்தாள் என்பது அந்தச் செய்தியில் இராது. தகவல் தகப்பனுக்குப் போகலாம், தேர்வுப் பிரிவுக்குப் போகலாம்; உதவி செய்ய வேண்டியவருக்கு மட்டும் போகக் கூடாது என்றால், அந்த ரகசியம் யாரைக் காக்கிறது?

ஆலோசகரை நியமித்துவிட்டு, மனு எதிலும் கையெழுத்திட அவருக்கு அதிகாரம் தராமல் இருப்பதும் இந்தக் குறையோடு சேர்ந்ததே. உதவித்தொகை வரும்வரை கட்டணத்துக்குத் தவணை தாருங்கள் என்று அவர் பரிந்துரைத்தால் அலுவலகம் ஏற்க வேண்டும். இல்லையென்றால் அவரிடம் வரும் மாணவனுக்குக் கிடைப்பது மூச்சுப் பயிற்சி மட்டும்தான். மூச்சுப் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. அதற்குக் கண்டோனேஷன் கட்டணம் கட்டத் தெரியாது, அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டார்கள். நாளைய நிறைவு அமர்வில் ஒரு தீர்மானம் கொண்டுவர உங்கள் அனுமதியை இப்போதே கேட்டுக்கொள்கிறேன். பருவத்தின் ஐந்தாம் வாரத்தில் வருகை குறைந்தோர் பட்டியல் டியூட்டருக்கும் ஆலோசகருக்கும் போக வேண்டும்; அவர்கள் மாணவரிடம் பேசும்வரை வீட்டுக்குக் குறுஞ்செய்தி போகக் கூடாது; பேசிய பின் கட்டணச் சலுகைக்கு அவர்கள் தரும் பரிந்துரைக்கு அலுவலகம் பத்து வேலைநாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். எதிர்ப்பவர்கள் இன்றிரவே திருத்தங்களை எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். இனி முதல் அமர்வு.