கருந்துளையின் வாயிலில்



பத்தாம் ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று என்னைப் பணித்தபொழுது, இப்பத்தாண்டுகளில் நம் கூட்டங்களில் படிக்கப்பெற்ற கவிதைகளைச் செயலாளரிடம் கேட்டு வாங்கி ஒருசேரப் படித்தேன். ஒரு சொல் மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டது. கருந்துளை! வறுமை ஒரு கருந்துளை. மறதி ஒரு கருந்துளை. மணல் இழந்த பாலாறு ஒரு கருந்துளை. ஒரு கவிதையில், தோல் பதனிடும் சாலையின் சுண்ணாம்புக் குழியே உழைப்பாளியின் இளமையை விழுங்கும் கருந்துளையாகிறது. எல்லாவற்றிலும் கருத்து ஒன்றுதான்: உள்ளே போனது மீளாது, ஒளியும் தப்பாது.

உவமையில் வேண்டிய பண்பை மட்டும் எடுத்துக்கொள்வது கவிஞர் உரிமை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த உவமானத்தின் மறுபாதி நம் கவிதைகளில் கைபடாமல் கிடக்கிறது. வானில் நெடுந்தொலைவிலிருந்தும் புலப்படும் பேரொளிகள் பல, கருந்துளைகளின் வாயிலிலிருந்து வருபவை. இயற்பியலார் இதை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். தமிழ் பயிற்றுபவளாகிய நான் அவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்கிறேன்.

கருந்துளையை நோக்கி ஈர்க்கப்படும் வாயு கிணற்றில் கல் விழுவதுபோல் நேரே விழுவதில்லை. சுழன்று சுழன்று தட்டையான ஒரு வட்டாகத் திரள்கிறது. திரள்வட்டு என்பர். உள்ளடுக்கு விரைந்தும் வெளியடுக்கு மெல்லவும் சுழல்வதால் ஒன்றையொன்று உரசிச் சூடேறுகின்றன. விண்மீன் அளவுள்ள கருந்துளையைச் சுற்றிய வட்டு பல இலட்சம் பாகை வெப்பமடைந்து எக்ஸ் கதிர் வீசுகிறது. சூரியன் எரிவது அணுச்சேர்க்கையால். அதில் எரிபொருளின் நிறையில் 0.7 விழுக்காடே ஆற்றலாகிறது. கருந்துளையை நோக்கி விழும் பொருளோ, அத்துளை சுழலாததாயின் சுமார் 6 விழுக்காடும், மிகுவிரைவாகச் சுழல்வதாயின் ஏறத்தாழ 42 விழுக்காடு வரையும் ஆற்றலை வெளியிட இயலும்.

இங்கே சற்று நிற்க வேண்டும். அந்த ஒளி யாருடையது? துளையினுடையது அன்று. எல்லையைக் கடந்தபின் எதுவும் வெளிவருவதில்லை என்ற விதி அப்படியே இருக்கிறது. விழுகின்ற பொருள், விழுமுன் விடுகின்ற ஒளி அது. சுண்ணாம்புக் குழியைக் கருந்துளை என்ற கவிஞர் தாம் அறிந்ததைவிடச் சரியாகவே சொல்லியிருக்கிறார் என எனக்குத் தோன்றுகிறது. வடக்கே ராணிப்பேட்டையிலும் மேற்கே ஆம்பூர், வாணியம்பாடியிலும் பதனிட்ட தோல் கடல் கடந்து காலணியாகி மின்னுகிறது. அந்த மினுமினுப்பு குழிக்குச் சொந்தமா, குழியில் கை நனைத்தவருக்குச் சொந்தமா? கவிதை அந்தக் கேள்வி வரை போகவில்லை. இருட்டைச் சொல்லி நின்றுவிட்டது.

வட்டின் கதை இவ்வளவே. அடுத்தது தாரை. விழ வரும் பொருளில் ஒரு சிறு பகுதி, வட்டின் மேலும் கீழும் இரு திசைகளில், ஒளியின் வேகத்தை நெருங்கிய வேகத்தில் வீசப்படுகிறது. இதைப் ‘பீற்று’ என்று எழுதுவோரும் உளர். எனக்கு அது உவப்பாக இல்லை. தாரை என்பது நீரொழுக்கு. ஊதுகருவிக்கும் அப்பெயர் உண்டு. கொடுப்பதைத் தாரை வார்த்தல் என்கிறோம். சுழலும் கருந்துளை தன்னைச் சூழ்ந்த காந்தப்புலத்தைக் கயிறு முறுக்குவதுபோல் முறுக்க, அதன் சுழற்சி ஆற்றலே தாரைக்கு விசையாகலாம் என்று 1977ஆம் ஆண்டில் பிளாண்ட்போர்டும் ஸ்னாயெக்கும் கணித்துக் காட்டினர். தாரையில் பாயும் எலக்ட்ரான்கள் காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுருளாக ஓடுகின்றன. ஒரே வேகத்தில் நேரே ஓடும் எலக்ட்ரான் வெற்றிடத்தில் கதிர் வீசாது, வளைக்கப்படும்பொழுது வீசும். அதுவே சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு. ரேடியோ அலை முதல் எக்ஸ் கதிர் வரை அதில் அடங்கும்.

‘ஒளி உமிழ்கிறது’ என்று எழுதலாமா என ஓர் அன்பர் கேட்டார். தாராளமாக எழுதலாம். உமிழ்தல், கக்கல் போன்ற சொற்கள் நேர்ப்பொருளில் இழிவாயினும் பிறிதொன்றின்மேல் ஏற்றிச் சொல்லும்பொழுது அழகு பெறும் என்று தண்டியாசிரியர் தம் வடமொழி அலங்கார நூலிலேயே இடம் தந்திருக்கிறார்.

1918இல் அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் ஹீபர் கர்ட்டிஸ், எம்87 என்ற மண்டலத்தின் நடுவிலிருந்து நேர்க்கோடாக ஒரு கதிர் நீள்வதைக் குறித்து வைத்தார். அதன் பொருள் அன்று விளங்கவில்லை. சுமார் 5,000 ஒளியாண்டு நீளமுள்ள தாரை அது. 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில், 650 கோடிச் சூரியர்களின் நிறையோடு அங்கிருக்கும் கருந்துளையின் நிழலும் அதைச் சுற்றிய ஒளிவளையமும் 2019 ஏப்ரல் 10 அன்று படமாக வெளியாயின. கர்ட்டிஸ் கண்டது ஒரு தாரைதான். மற்றொன்று நம்மைவிட்டு விலகி ஓடுவதால் மங்கித் தெரியாமல் போகிறது. நம்மை நோக்கி வருவதோ மிகைப்பட ஒளிர்கிறது.

நமக்கு அண்மையில் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே 1986 முதல் விண்ணொளியைப் பார்த்து வருகிறது. ஆனால் தாரைகளின் முழு நீளத்தைக் காண ரேடியோ அலையே ஏற்றது. அதற்குத் தமிழகத்தில் உதகைக்குத்தான் போக வேண்டும். 1970இல் கோவிந்த் சொரூப் தலைமையில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்த தொலைநோக்கி அது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அது கிடக்கும் மலைச்சரிவின் சாய்வு ஏறத்தாழ 11 பாகை. அவ்விடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. ஒரே அச்சில் திரும்பி ஒரு வான்பொருளை ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். அதற்கென்றே மலையைத் தேடிப் பிடித்தார்கள்.

கவிஞர்கள் கவனிக்க வேண்டியது அதன் வேலைமுறையை. ரேடியோ மூலம் ஒன்றை நிலா கடந்து மறைக்கும்பொழுது அலை எப்படித் தேய்கிறது, மீண்டும் எப்படி எழுகிறது என்று அளந்தார்கள். அதிலிருந்து மூலத்தின் வடிவம் புலப்பட்டது. ஒன்றாகத் தோன்றியது இரண்டாகப் பிரிந்தது. இவ்வாறு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களை உதகை ஆராய்ந்தது. நிலவு காட்டுவதையே நாம் பாடி வந்திருக்கிறோம். அங்கே அது மறைப்பதால் பயன் தந்தது.

2024இல் அறிவிக்கப்பட்ட ஓர் இணைத்தாரை, முனைக்கு முனை 2.3 கோடி ஒளியாண்டு நீளமுடையது. அதுவரை அறியப்பட்டவற்றுள் நெடியது. அது எந்த மண்டலத்திலிருந்து புறப்பட்டது என்று தேடியதில், சொரூப் முன்னின்று அமைத்த புனே அருகிலுள்ள பெருந்தொலைநோக்கிக்கும் பங்குண்டு.

சுண்ணாம்புக் குழிக் கவிதையை எழுதிய தம்பி மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அதற்கு இரண்டாம் பகுதி ஒன்றை அவர் எழுதித் தர வேண்டும் என்பது என் வேண்டுகோள். மலர் அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறதாம்.