அயர்ன் செட்டை எப்போது மாற்றுவது?

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு ஒரு பருவம் வரும். சில வருடம் விடாமல் ஆடி, ஹேண்டிகேப் 24இலிருந்து 14, 15 என்று இறங்கியிருக்கும். இந்த ஆட்டத்தில் அந்த எண் இறங்க இறங்கத்தான் ஆள் ஏறுகிறார். உடனே கை பரபரக்கும். பையில் இருக்கும் அயர்ன்கள் எல்லாம் கற்றுக்குட்டிக் காலத்துச் சாமானாகத் தெரியும். கூட ஆடுகிறவரின் பையில் மெல்லிசாகப் பளபளக்கும் பிளேடுகள் மேல் கண் போகும். 'நமக்கும் இனி அதுதான் பொருத்தம்' என்று மனசு சொல்லும். அந்தப் பேச்சைக் கேட்டுக் கடைக்குப் போகலாமா என்று இன்று கொஞ்சம் பார்ப்போம்.

ஒரு காலத்தில் அயர்ன் என்றாலே பிளேடுதான். பின்பக்கம் வழுவழுப்பான ஒரே எஃகுத் துண்டு. நட்ட நடுவில் பந்து பட்டால் கைக்குள் வெண்ணெய். அரை அங்குலம் தள்ளிப் பட்டாலோ தலை முறுக்கிக்கொள்ளும், பந்து கிரீனுக்கு முன்னால் இருக்கும் மணல்குழியில் போய் விழும். இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் பொறியாளர். நாற்பது வயது தாண்டித்தான் கோல்ஃப் பழகினார். பட்டிங் சரியாக வரவில்லை என்று 1959இல் தானே ஒரு பட்டர் செய்துகொண்டார். பந்தில் படும்போது அது 'பிங்' என்று ஒலித்தது. பின்னால் அவர் தொடங்கிய கம்பெனிக்கும் அதுவே பெயராயிற்று. நடுவில் இருக்கும் எடையை ஓரங்களுக்கு ஒதுக்கினால், தள்ளிப் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது என்பதுதான் அவருடைய யோசனை. அதை அயர்ன்களுக்கும் கொண்டுபோனார். பின்பக்கம் குழிந்த கேவிட்டி பேக் ரகம் பரவியது இப்படித்தான்.

இந்த ரகம் புதிதாக ஆடுகிறவர்களுக்கு மட்டும் என்று கிளப் வராந்தாக்களில் ஒரு பேச்சு உண்டு. அது வெறும் ஜம்பம். 1989இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற மார்க் கால்கவேக்கியா ஆடியது பிங் ஐ2 அயர்ன்கள், நல்ல குழிவுள்ளவை. டைகர் வுட்ஸ் பிளேடு ஆடுகிறார், உண்மைதான். அவர் பந்தை முகத்தின் எந்த இடத்தில் அடிக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

நாம் எங்கே அடிக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஒரு காசு செலவில்லை. முகத்துக்குப் போடும் பவுடரைக் கொஞ்சம் எடுத்து 6ஆம் எண் அயர்னின் முகத்தில் தூவுங்கள். ஒரு பந்து அடியுங்கள், தடத்தைப் பாருங்கள், துடைத்துவிட்டு மறுபடி தூவுங்கள். இப்படி ஒரு இருபது பந்து. தடங்கள் பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்துக்குள் விழுந்தால் பிளேடைப் பற்றி யோசிக்கும் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. நுனிக்கும் அடிக்கும் அலைந்தால், இப்போதிருக்கும் செட்தான் உங்கள் ஸ்கோரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஹேண்டிகேப் இறங்கியதற்குக் காரணம் பட்டிங்கும் சிப்பிங்குமாகவும் இருக்கலாம். அயர்ன் அடி தேறிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

மாற்றம் நல்ல ஆட்டக்காரரையும் ஆட்டிவைக்கும். பேய்ன் ஸ்டூவர்ட் 1991இல் யு.எஸ். ஓப்பன் வென்றவர், பிளேடு ஆடிப் பழகியவர். 1993இல் அமெரிக்கச் சுற்றின் பரிசுப்பண வரிசையில் 6ஆம் இடம். கிளப் கம்பெனி ஒன்றிடமிருந்து பெரிய ஒப்பந்தம் வந்தது. கிளப்பும் மாறியது, பந்தும் மாறியது. அடுத்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது 123ஆம் இடம். அவர் போனது ஆடச் சுலபம் என்று சொல்லப்படும் ரகத்துக்கு என்பதைக் கவனியுங்கள். 1999இல் பைன்ஹர்ஸ்டில் மீண்டும் யு.எஸ். ஓப்பனை வென்றபோது பையில் மறுபடி பிளேடுகள். எல்லாப் பழியையும் கிளப் மேல் போட முடியாதுதான். ஆனாலும் கைக்குப் பழகிய ஒன்றை விடுவதற்கு ஒரு விலை உண்டு. அது பில்லில் வராது.

அப்படியானால் மாற்றவே கூடாதா? மாற்றலாம், காரணம் உடம்பில் இருந்தால். ஆரம்பத்தில் வாங்கியது ரெகுலர் ஷாஃப்ட், இப்போது வீச்சு வேகமாகிவிட்டது, பந்து மேலே மேலே ஏறித் தொப்பென்று விழுகிறது என்றால் அந்த ஷாஃப்ட் உங்களுக்குப் போதவில்லை. அதேபோல 'லை' என்கிறார்களே, தரையில் வைக்கும்போது தண்டு நிற்கும் கோணம், அது பொருந்தாவிட்டால் நேராக அடித்த பந்தும் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். பந்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கோடு முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் பதியும் கோடு செங்குத்தாக இருந்தால் லை சரி. சாய்ந்திருந்தால் கிளப் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து வளைத்துக்கொள்ளலாம். காய்ச்சி அடித்த மென் எஃகு நன்றாக வளைந்து கொடுக்கும். வார்ப்பு எஃகு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வளையாது, அடம்பிடித்தால் உடையும். பழைய பிங் செட் வாங்குகிறவர்கள் தலையில் உள்ள வண்ணப் புள்ளியைப் பார்க்கவும். கறுப்பு என்றால் சாதாரண அளவு. வேறு நிறம் என்றால் அது வேறு யாரோ ஒருவரின் உடம்புக்கு அளந்து செய்தது.

கடைக்குப் போனால் இன்னொன்று நடக்கும். புதிய 7ஆம் எண் அயர்னைக் கையில் கொடுப்பார்கள். உங்கள் பழையதைவிடப் பதினைந்து கஜம் கூடுதலாகப் போகும். முகம் மலர்ந்துவிடும். 1980களில் 7ஆம் எண்ணின் சாய்வு 36 டிகிரியை ஒட்டி இருந்தது. இன்று பல செட்களில் அது 28, 30 டிகிரி. ஏறக்குறைய பழைய 5ஆம் எண் அயர்னின் அடியில் 7 என்று எழுதித் தருகிறார்கள்! தலையின் எடையைக் கீழே வைத்துப் பந்தை உயர்த்தும் நுட்பம் இதில் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் பிட்ச்சிங் வெட்ஜே 43 டிகிரிக்கு இறங்கிவிடுவதால், அதற்கும் 56 டிகிரி சாண்ட் வெட்ஜுக்கும் நடுவில் பெரிய ஓட்டை விழும். அதை அடைக்க இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டும். பையில் 14 கிளப்புக்கு மேல் விதி அனுமதிக்காது. எதை வெளியே எடுப்பீர்கள்? ஆகவே எண்ணைப் பார்க்காதீர்கள், சாய்வு எத்தனை டிகிரி என்று கேளுங்கள்.

என் யோசனை, முதலில் கிரிப்பை மாற்றுங்கள். நம் ஊர் வியர்வையில் ரப்பர் சீக்கிரம் வழுக்கும். வழுக்குவதை மறைக்க இறுக்கிப் பிடித்தே பலருடைய வீச்சு கெடுகிறது. அடுத்து லை. அதற்கப்புறமும் 3, 4ஆம் எண் அயர்ன்கள் தொல்லை கொடுத்தால் அவற்றை மட்டும் எடுத்துவிட்டு ஹைப்ரிட் போடுங்கள். பிறகுதான் ஷாஃப்ட், கடைசியில் செட்.

அப்படியும் புது செட் வாங்குவது என்று முடிவுசெய்தால், விடுமுறையில் ஊட்டி ஜிம்கானாவில் நண்பரின் கிளப்பை அடித்துப் பார்த்த மயக்கத்தில் பணம் கட்டிவிடாதீர்கள். அது கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற மைதானம். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு; யார் அடித்தாலும் பந்து பத்து சதவீதம் வரை கூடுதலாகப் பறக்கும். அதே கிளப்பைக் கீழே கொண்டுவந்து, நீங்கள் வழக்கமாக ஆடும் மைதானத்தில் ஒரு நாள் அடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.