யந்திரம் அறியாத இரண்டு

கணினி வழி இயங்கும் மில்லிங் யந்திரம் எழுதிய ஆணையை வெகு நுட்பமாக நிறைவேற்றும். ஆயினும் இரும்புக் கட்டி மேசையில் எங்கே இருக்கிறது, வெட்டும் கருவி எவ்வளவு நீளம் என்னும் இரண்டையும் நாம் சொன்னாலன்றி அது அறியாது.

இடத்தை அறிய, எட்ஜ் பைண்டர் என்னும் உருளைக் கோலைக் கட்டியின் பக்கத்தில் தொடுவிப்பர். கோலின் விட்டம் 10 மில்லிமீட்டரானால், விளிம்பு அதன் மையத்திலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். அந்தப் பாதியையும் கணக்கிற்கொண்டே ஜி54 என்னும் பதிவை எழுதவேண்டும். ஆரத்தையும் விட்டத்தையும் குழப்பிய பிள்ளைகளை நான் நிறையக் கண்டவன். ஆகவே இங்கே அச்சம் எனக்குண்டு.

நீளமோ கருவிக்குக் கருவி வேறு. அளந்த நீளத்தை அததற்குரிய எச் எண்ணில் பதிவர். ஜி43 என்னும் ஆணை அதனை எடுத்துக்கொள்ளும். என் பழைய மாணவர் ஒருவரின் பட்டறையில், மூன்றாம் கருவிக்கு இரண்டாம் எண்ணின் நீளம் எடுக்கப்பட்டுவிட்டது. உண்மை நீளத்தினும் அது 40 மில்லிமீட்டர் குறைவு. கட்டிக்கு 5 மில்லிமீட்டர் மேலே நிற்கவேண்டிய கருவி, விரைந்திறங்கி மோதி முறிந்தது. யந்திரம் பிழை செய்யவில்லை, சொன்னதையே செய்தது.

இப்போது அவர், கருவி மாறுந்தோறும் அதனைக் கட்டிக்கு 100 மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்தி, ஸ்கேல் வைத்து இடைவெளியை அளந்த பிறகே வெட்டவிடுகிறார்.