கொய்யாப் பழத்தில் புழு வைப்பது யார்?



லயத்துப் பின்புறம் ஒரு கொய்யா மரமோ, வேலியோரம் ஒரு பெலிம்பிங் மரமோ இல்லாத தோட்ட வீடு குறைவு. தோட்டத்தை விட்டுக் கிள்ளான் பக்கம் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்களும் ஒரு கன்றையாவது நட்டிருப்பார்கள். பழம் மஞ்சளாகிறது, பிள்ளை ஆசையோடு கடிக்கிறது, உள்ளே புழு. "மழையால் புழு வைத்துவிட்டது" என்கிறோம். பாவம், மழை என்ன செய்யும்? குளவி போலத் தோற்றமளிக்கும் பழ ஈ, வால்முனை ஊசியால் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுப் போகிறது. வாழைப்பழத்தில் மொய்க்கும் பொடி ஈ வேறு. இந்த ஈயில் ஒரு பெண், தன் ஆயுளில் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடக்கூடியது.

அத்தனை முட்டைக்கும் சத்து எங்கிருந்து வருகிறது? கூட்டைவிட்டு வெளிவரும் பெண் ஈயின் வயிற்றில் முதிர்ந்த முட்டை கிடையாது. வெறும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் உயிர் வாழும். முட்டை மிகக் குறைவு. முட்டை முதிர்வதற்குப் புரதம் வேண்டும். கோழிக்கு நல்ல தீனி இல்லாவிட்டால் முட்டை குறைகிறதல்லவா, அதே கதைதான். ஆகவே பழத்தைத் தேடுமுன் இந்த ஈ இலைகளைத்தான் தேடுகிறது. அங்குள்ள பறவை எச்சத்தையும் நுண்ணுயிர்களையும் நக்கி உண்கிறது.

இந்தப் பசியையே தூண்டிலாக்கினார்கள். செர்டாங்கில் உள்ள மார்டி ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சியியல் வல்லுநராக இருந்த எஸ். விஜயசேகரன், 1989-இல் கோலாலம்பூரில் நடந்த கருத்தரங்கில் பெலிம்பிங் மரங்களுக்கு இம்முறையை விளக்கினார். ஈஸ்ட் போன்றவற்றிலிருந்து எடுத்த புரதக் கரைசலில் சிறிது மருந்து கலந்து, மரம் முழுவதும் நனைக்காமல், இலைகளில் அங்கங்கே மட்டும் தெளிப்பது. முட்டையிடுமுன்பே ஈ தேடிவந்து உண்டு மடிகிறது. பழத்தின்மேல் விஷம் அடிக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் மருந்தடித்த நம் பெண்களுக்கு இதன் அருமையை நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது இணைசேர்தல். பொழுது சாயும் நேரத்தில் ஆண் ஈக்கள் சிறகை அதிரவைத்துப் பெண்ணை அழைக்கின்றன. சேராத பெண் இடும் முட்டை பொரிக்காது. துளசியிலும் உள்ள மீதைல் யூஜினால் என்ற வாசனைப் பொருளைப் பொறியில் வைத்தால் ஆண் ஈக்கள் குவிந்து விழும். பொறி நிறைந்ததே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். ஏற்கெனவே சேர்ந்த பெண்ணோ, பொறியின் பக்கமே வராமல் முட்டையிட்டுக்கொண்டிருக்கும்.

ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுகளில் வேறு வழி கண்டார்கள். பாகற்காயைக் கெடுக்கும் ஈயின் ஆண்களைக் கதிர்வீச்சால் மலடாக்கி, கோடிக்கணக்கில் பறக்கவிட்டார்கள். அவற்றோடு சேர்ந்த பெண்கள் இட்ட முட்டைகள் பொரிக்கவில்லை. 1993-இல் அந்த ஈ அங்கே அடியோடு ஒழிந்தது.

நம் வீட்டு ஒற்றை மரத்துக்கு அவ்வளவு வேண்டாம். பழம் பிஞ்சாக இருக்கும்போதே காகிதப் பை கட்டுங்கள். பழைய பத்திரிகைத் தாளைப் பிள்ளைகளே ஒட்டித் தருவார்கள். பழுக்கத் தொடங்கியபின் கட்டினால் புழுவையும் சேர்த்துக் கட்டியதாகும். விழுந்த பழத்தை மரத்தடியில் விட்டுவிடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிச் சில நாளில் ஈயாகக் கிளம்பிவிடும். பிளாஸ்டிக் பையில் இறுக முடிச்சுப் போட்டு, சில நாள் வெயிலில் வைத்தபின் எறியுங்கள்.