உடைந்த பீங்கானுக்கும் ஓர் இடம்

(பழைய மாணவியர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நினைவாகக் கல்லூரி வளவில் மரநிழலில் ஓர் இருக்கை கட்டுவோம், அதை உடைந்த பீங்கான்களாலும் மிஞ்சிய டைல்ஸ் துண்டுகளாலும் பதிப்போம் என்று நான் சொன்னதும் சிலர் சிரித்தீர்கள். உடைந்த பாத்திரம் வீட்டில் இருக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பீங்கானைத் தவறவிட்டு ஏச்சு வாங்காத பெண்பிள்ளை இந்த மண்டபத்தில் யார் இருக்கிறார்?

வீசிய பீங்கான் எங்கே போகிறது? அது உக்குவதில்லை. பின்வளவில் கிடந்து, மழைத் தண்ணீரைத் தேக்கி, டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாகிறது. இத்தனைக்கும் அது நமக்கு அந்நியமான பொருளும் அல்ல. பீங்கானுக்கு வேண்டிய பெல்ட்ஸ்பார் கனிமம் நமது மாவட்டத்தின் ஓவல பகுதியில் தோண்டப்படுகிறது. நொரிடேக் பீங்கான் தொழிற்சாலையும் மாத்தளையிலேயே இருக்கிறது.

இந்தியாவின் சண்டிகார் நகரில் நேக் சந்த் என்றொருவர் வாழ்ந்தார். 1947 பிரிவினையில் சொந்த ஊரை இழந்து வந்தவர். அரசாங்கத்தில் வீதிப் பரிசோதகர். புதிய நகரத்துக்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளையும், உடைந்த பீங்கான்களையும், வளையல் துண்டுகளையும் பொறுக்கி, 1957 முதல் காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டம் அமைத்தார். 1976 இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. 2015 இல் அவர் மறைந்தார். பாறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. ஊரை இழந்தவர், இடிந்த ஊர்களின் மிச்சத்தால் கட்டியது அது.

நமக்கும் இது புரியும். 1983 ஜூலையில் மாத்தளையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. நம்மோடு படித்தவர்கள் சொல்லிக்கொள்ளக்கூட நேரமின்றிப் போனார்கள். பீங்கான் 1,200 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் வெந்து வருவது. எரிந்த வீட்டிலும் அதன் துண்டு மிஞ்சும். உடைந்ததை முன்போல ஆக்க முடியாது. ஆனால், மறைக்காமல் ஓரிடத்தில் சேர்த்து வைக்க முடியும். நம் கல்லூரி அந்த இடமாக இருக்கட்டும்.

வேலை கடினமில்லை. பீங்கானைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அடிவளையம் உள்ள துண்டு மேடாக நிற்கும், அதை விலக்குங்கள். சுவர் டைல்ஸைப் பதிக்குமுன் தண்ணீரில் ஊற வையுங்கள். இல்லாவிட்டால் அது சாந்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பீங்கானோ இரண்டு பக்கமும் வழுவழுப்பு. உடைந்த விளிம்பில்தான் சாந்து நன்றாகப் பிடிக்கும். ஆகவே ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்தில், துண்டின் கனம் முழுவதும் அமிழ அழுத்துங்கள். இடைவெளிகளைச் சீமெந்துக் குழம்பால் நிரப்பி, இறுகுமுன் துடைத்து, ஈரச் சாக்கால் சில நாட்கள் மூடி வையுங்கள். கூர் விளிம்பு எதுவும் வெளியே நிற்கக் கூடாது. உட்காரப் போவது பிள்ளைகள். நடைபாதைக்கு மட்டும் பீங்கான் வேண்டாம், மழையில் வழுக்கும்.

ஒவ்வொருவரும் ஒரு துண்டு கொண்டு வாருங்கள். அம்மாவின் தேநீர்க் கோப்பையாக இருக்கலாம், புதுவீட்டில் மிஞ்சிய டைல்ஸாக இருக்கலாம். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் தோழியருக்கும் சொல்லுங்கள். கடிதத்தோடு ஒரு சிறு துண்டு வந்தாலும் போதும். மேசன் அடித்தளத்தைக் கட்டித் தரட்டும். பதிப்பது நம் கைகளாக இருக்கட்டும்.