அளந்தபின் வெட்டுவோம்

(மாவட்ட அளவில் நடைபெற்ற தேசிய பசுமைப் படைப் பொறுப்பாசிரியர்கள் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மரம் நடுவதைப் பற்றி நம் பள்ளிகளில் நிறையப் பேசுகிறோம். உறுதிமொழி எடுக்கிறோம், ஓவியப் போட்டி நடத்துகிறோம், பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளையின் கையில் ஒரு கன்றைக் கொடுத்து நடச் சொல்கிறோம். ஆனால் மரம் வெட்டுவதைப் பற்றி வகுப்பறையில் நாம் வாய் திறப்பதில்லை. அது ஏதோ தகாத பேச்சு என்பதுபோல் ஒதுக்கிவிடுகிறோம்.

நம் மாணவர்களின் வீட்டுக் கொல்லையிலும் வயல் வரப்பிலும் தேக்கு, வேம்பு, பூவரசு, பலா எல்லாம் நிற்கின்றன. மகளின் திருமணத்துக்கோ, மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கோ, மருத்துவச் செலவுக்கோ அவை ஒருநாள் விற்கப்படத்தான் போகின்றன. அந்த நாளில் அந்தக் குடும்பம் என்ன தெரிந்து வைத்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்வி எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் தோட்டத்து வரப்பில் அப்பா நட்டு வளர்த்த தேக்கு மரங்களில் பாதிக்கு மேல் சாய்ந்து கிடந்தன. சில நாட்களில் ஒரு மர வியாபாரி வந்தார். வரப்பில் இரண்டு முறை நடந்தார். மொத்தமாக ஒரு தொகை சொன்னார். ஊரெல்லாம் மரம் சாய்ந்து கிடக்கும்போது யார் பேரம் பேசுவார்கள்? அப்பா தலையாட்டினார். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். பல ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் நடத்துகிறவன். உருளையின் கன அளவைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வீட்டுக்குள் போய் ஓர் இன்ச் டேப்பை எடுத்துவர எனக்குத் தோன்றவில்லை. எங்கள் மரம் எத்தனை கன அடி என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அங்கே தெரிந்தவர் வியாபாரி ஒருவர்தான். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் தொழிலை அவர் கற்றிருந்தார். நான் கற்பித்ததை நான் பயன்படுத்தவில்லை.

மரவாடியில் உருட்டுக்கட்டையை எப்படி அளக்கிறார்கள் என்று பிறகுதான் போய்க் கேட்டேன். கட்டையின் நடுப்பகுதியில் சுற்றளவு எடுக்கிறார்கள். அதை நான்கால் வகுத்து, வந்ததை வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்குகிறார்கள். சுற்றளவு 3 அடி, நீளம் 10 அடி என்றால், முக்காலை முக்காலால் பெருக்கிப் பத்தால் பெருக்க வேண்டும். 5.6 கன அடி வரும். இதையே நம் பாடப்புத்தகச் சூத்திரப்படி உருளையாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 7.2 கன அடி வருகிறது. மரவாடிக் கணக்கு எப்போதும் உண்மைக் கன அளவில் 78.5 விழுக்காடுதான். ஏன் என்று பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் விட்டுப் பாருங்கள். பையை நான்கால் வகுத்தால் வரும் விடைதான் அது என்று யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். உருண்டைக் கட்டையைச் சதுரமாக அறுக்கும்போது பட்டையும் ஓரமும் கழிவாகப் போகின்றன. அந்தக் கழிவுக்கான வழக்கமான கழிப்பு இது. ஏமாற்று அல்ல. ஆனால் இந்தக் கழிப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று தெரியாதவரிடம் ‘கழிவு போகும்’ என்று சொல்லி இன்னொரு முறை குறைத்துவிட முடியும். தெரிந்தவரிடம் முடியாது.

இதே சூத்திரம் இன்னொரு பெரிய பாடத்தையும் சொல்கிறது. சுற்றளவு வர்க்கமாவதால், ஒரே நீளமுள்ள இரண்டு கட்டைகளில் 2 அடிச் சுற்றளவுள்ளதைவிட 4 அடிச் சுற்றளவுள்ளதில் நான்கு மடங்கு மரம் இருக்கிறது. தேக்கில் பருத்த கட்டைக்குக் கன அடி விலையும் கூடுதல். அவசரப்பட்டு இளமரத்தை வெட்டுகிறவர் எதை இழக்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த உறுதிமொழியும் சொல்லாது.

அளக்கத் தெரிந்த பிறகு அடுத்த கேள்வி: எவ்வளவு வெட்டலாம்? நம் பெரியவர்களிடம் இதற்குப் பதில் இருக்கிறது. வட்டியைச் செலவழி, முதலில் கை வைக்காதே. ஒரு தோப்பில் இன்று 100 கன அடி மரம் நிற்கிறது, அடுத்த ஆண்டு அளந்தால் 106 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 6 தான் வட்டி. ஆண்டுக்கு அதற்குள் எடுத்தால் தோப்பு என்றும் தோப்பாகவே இருக்கும். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் வெள்ளிச் சுரங்க நிர்வாகியாக இருந்த கார்லோவிட்ஸ் 1713-இல் எழுதிய வனவியல் நூலின் சாரமும் இதுதான். சுரங்கங்களும் உலைகளும் காட்டைத் தின்று தீர்த்ததைக் கண்டு அவர் அதை எழுதினார். இன்று நாம் நீடித்த வளர்ச்சி என்று பாடம் நடத்துகிறோமே, அந்தச் சிந்தனையின் வேர்களில் ஒன்று மரக்கணக்கு.

எதை வெட்டுவது என்பதும் கணக்கோடு சேர்ந்ததே. தேக்கை 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேருக்கு 2500 கன்றுகள். அத்தனையும் கடைசிவரை நின்றால் ஒன்றும் பருக்காது. நெருக்கமாக முளைத்த பயிரைக் கலைத்துவிடுகிறோம் அல்லவா? மரத்துக்கும் அதுதான். கோணலும் நோஞ்சானும் நோய் கண்டதும் முதலில் போக வேண்டும். நல்ல மரத்துக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது. வியாபாரி கேட்கும் நல்ல மரங்கள் போய்விடுகின்றன, கோணல்கள் விதை மரங்களாக மிஞ்சுகின்றன. வாய்க்கால் கரை மரத்தையும், பொந்தில் பறவை குடியிருக்கும் முதிய மரத்தையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவதும் பொறுப்பான அறுவடையில் அடங்கும்.

‘என் நிலம், என் மரம்’ என்ற எண்ணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பட்டா நிலமாக இருந்தாலும் சட்டம் உள்ளே வருகிறது. ஜமீன் ஒழிப்புக் காலத்தில் தனியார் காடுகள் அழிந்துவிடாமல் காக்க 1949-இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மலைப்பகுதி மரங்களுக்கு 1955-இல் தனிச் சட்டம் வந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் சென்றார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று வந்த ஆணை, உரிமையாளர் யாராக இருந்தாலும் காடு காடுதான் என்று நாடு முழுவதற்கும் சொன்னது. அதேவேளை, விவசாயி வளர்க்கும் மரத்துக்குச் சட்டம் வழியும் விட்டிருக்கிறது. பட்டா நிலச் சந்தன மரங்களுக்கு 2008-இல் தனி விதிகள் வந்தன. 2014-இல் நாட்டுக்கென ஒரு வேளாண்காடுக் கொள்கையே வகுக்கப்பட்டது. வெட்டிய மரத்தை எடுத்துச் செல்ல 1968-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு விலக்கு என்பது மரத்துக்கு மரம் மாறும். வெட்டுவதற்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்பது 2021 முதல் நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

எங்கள் பள்ளியில் இதை மரப்பதிவேடு என்ற பெயரில் செய்கிறோம். ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஐந்து மரங்களைத் தேர்ந்தெடுக்கிறார். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவை அளக்கிறார். நிழலை வைத்து, வடிவொத்த முக்கோணங்கள் வழியாக உயரத்தைக் காண்கிறார். நிற்கும் மரத்தில் கிடைப்பது தோராயக் கணக்குதான் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை, அதே மாதத்தில், அதே இடத்தில் மீண்டும் அளவு. மரம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வளாக மரங்கள். மரம் ஏறுவதும், வெட்டும் இடத்துக்குப் போவதும் கூடாது. வியாபாரியிடம் பேசுவது பெரியவர்கள் வேலை, பிள்ளைகள் வேலை அல்ல.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒருநாள், “சார், எங்க அப்பா இருபது தேக்கையும் விக்கப் போறாங்க. அளந்து பாத்துட்டேன், இன்னும் பருக்கும் சார். அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?” என்று கேட்டாள். நோட்டை அப்படியே காட்டச் சொன்னேன். அவர் அதைப் பார்த்துவிட்டு ஆறு மரங்களை மட்டும் கன அடிக் கணக்கில் விற்றார். தேவையான பணம் அதிலேயே வந்துவிட்டது.

எல்லாம் இப்படி முடிவதில்லை. இன்னொரு மாணவனின் வீட்டில் கணக்கெல்லாம் சரியாகப் போட்டிருந்தும் தோப்பு முழுவதும் போனது. அவனுடைய பாட்டியின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டியிருந்தது. அவன் பதிவேட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவனே சொன்னான்: “தேக்கு திரும்பத் துளுக்கும்ல சார், அடிக்கட்டையைத் தோண்ட வேணாம்னு சொல்லிட்டேன்.” நோட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தத் துளிர்களை இப்போது அளந்துகொண்டிருக்கிறான்.

மரத்தை வெட்டவே கூடாது என்று ஓர் ஏழைக் குடும்பத்திடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று கணக்குப் போட அவர்கள் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் கடமை நமக்கு இருக்கிறது. அதற்குத் தேவை ஓர் இன்ச் டேப்பும் ஒரு நாற்பது பக்க நோட்டும்தான். எங்கள் வரப்பில் புயலுக்குத் தப்பிய தேக்குகள் இன்னும் நிற்கின்றன. தை மாதம் பிறந்ததும் அப்பாவும் நானும் அவற்றை அளக்கிறோம். நூலின் ஒரு நுனியை அவர் பிடித்துக்கொள்கிறார்.